வாகனமில்லாச் சைக்கிள் பாதைகள்: கால்வாய்க் கரை, பழைய ரயில் தடம், திராட்சைச் சரிவு

பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டியைச் சைக்கிளில் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசுவோர் ‘வாகனமே இல்லாத பாதை’ என்னும் சொல்லை மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்பவர் மூன்று செய்திகளைத் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார்: பாதை சமதளமாக இருக்கும், ஒரு மோட்டார் வண்டிகூட எதிர்ப்படாது, புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை அது எங்கும் அறுபடாது. இம்மூன்றும் சில இடங்களில் உண்மை, சில இடங்களில் பாதி உண்மை, சில இடங்களில் முற்றிலும் தவறு. எங்கே எது உண்மை என்பதை அறிய வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாதை முதலில் எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டாலே போதும். இப்பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் பிறந்தவை அல்ல. படகுக்காகவும் ரயிலுக்காகவும் திராட்சைக் கொடிகளுக்காகவும் போடப்பட்டுப் பின்னர் சைக்கிளின் கைக்கு வந்தவை அவை. பழைய வேலையின் குணம் இன்றும் அவற்றின் மேட்டிலும் பள்ளத்திலும் வளைவிலும் அப்படியே இருக்கிறது.

பாதை வேறு, வழித்தடம் வேறு

முதல் குழப்பம் இரண்டு சொற்களை ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. மணிமாலை ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அதில் மணிகள் பலவகை. அவற்றைக் கோத்துச் செல்லும் நூல் ஒன்று. மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத தனிப்பாதையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘வுவா வெர்ட்’ என்கிறார்கள். ‘பசும்பாதை’ என்பது அதன் நேர்ப்பொருள். அது மணி. தொலைதூரப் பயணத்துக்காகப் பெயரிட்டு, வழிகாட்டிப் பலகைகள் நட்டு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசெல்லும் தொடர் வழியை ‘வெலோரூட்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை வழித்தடம் என்று குறிப்போம். அது நூல்.

வழித்தடத்தில் பசும்பாதைகளும் கோக்கப்பட்டிருக்கும், போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளும் கோக்கப்பட்டிருக்கும். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை நீளும் யூரோவெலோ 6 என்னும் வழித்தடம் பர்கண்டிக்குள் ஒரு கால்வாயை ஒட்டிச் செல்கிறது. அதற்காக அந்த வழித்தடம் முழுவதும் வாகனமற்றது என்று ஆகிவிடாது. பர்கண்டியைச் சுற்றி ஏறத்தாழ 800 கி.மீ. நீளத்துக்கு அமைந்த வட்டவழியும் கால்வாய்க் கரை, பழைய ரயில் தடம், திராட்சைத் தோட்டப் பாதை, சிறு சாலை ஆகிய அனைத்தையும் கலந்து கட்டியதுதான். விளம்பரங்கள் மணியைக் காட்டி நூலை விற்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

பசும்பாதைக்குப் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டத் தொகுப்பு 2004இல் ஒரு வரையறை தந்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கே உரிய சாலை என்பது அதன் சாரம். பாதையின் தொடக்கத்தில் நிற்கும் நீலச் சதுரப் பலகை அதன் அடையாளம். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தில் ஊர்ப்பெயரும் தூரமும் சைக்கிள் படமும் இருந்தால் அது வழித்தடத்துக்கான திசைகாட்டி மட்டுமே. அடுத்த திருப்பத்தில் கார் வராது என்னும் உறுதியை அது தரவில்லை.

சுருக்கமாக: பசும்பாதை என்பது சட்டத்தால் ஒதுக்கப்பட்ட தனிப்பாதை. வழித்தடம் என்பது பலவகைப் பாதைகளை இணைக்கும் தொடர். இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது முதலாவதின் பண்புகளை எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு சதவீத ஏற்றம் எவ்வளவு கனம்?

மேடு, சமதளம் என்று பேசும்போதெல்லாம் கண்ணை நம்புகிறோம். கால்கள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. முன்னோக்கி 100 மீட்டர் செல்லும்போது 1 மீட்டர் உயர்ந்தால் அதை 1 சதவீத ஏற்றம் என்கிறோம். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் கண்ணால் காண்பது அரிது.

ஓட்டுபவர், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு அவரைப் பின்னுக்கு இழுக்கும் விசை, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட 1 கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். 5 சதவீதத்தில் அது 5 கிலோ. சமதளத்திலும் இழுப்பு இல்லாமலில்லை. டயர் தரையில் அழுந்தி உருளும்போது வீணாகும் விசையை உருளல் தடை என்பர்; நல்ல தார்ப் பரப்பில் அது ஏறத்தாழ அரை கிலோ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்று தரும் எதிர்ப்பும் ஏறத்தாழ அரை கிலோதான். ஆகச் சமதளத்தில் மொத்த இழுப்பு 1 கிலோ, 1 சதவீத ஏற்றத்தில் 2 கிலோ, 5 சதவீத ஏற்றத்தில் 6 கிலோ.

கண்ணுக்கே தெரியாத ஏற்றம் உழைப்பை இரட்டிப்பாக்குகிறது என்பதே இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது. நீண்ட, மெல்லிய ஏற்றத்தில் செல்லும் புதியவர்கள் பிரேக் சக்கரத்தில் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்ப்பதன் காரணம் இதுதான். அதே ஏற்றத்தில் திரும்பி வரும்போது மிதிக்காமலே வண்டி ஓடுவதைக் கண்டு அவர்கள் தெளிவடைகிறார்கள். சரளைக் கல் பரப்பும் இதுபோலவே ஏமாற்றக்கூடியது. தளர்ந்த சரளையில் உருளல் தடை இரு மடங்காவது உண்டு. ஒரு பாதை எவ்வளவு எளிது என்பதை முடிவு செய்பவை சாய்வும் தரைப்பரப்பும்தான். கார் வருகிறதா இல்லையா என்பதற்கு அதில் பங்கில்லை.

கால்வாய்க் கரை: தட்டில் நின்ற தண்ணீரும் மாடிப்படியும்

கால்வாய்க் கரைப் பாதை ஏன் சமதளமாக இருக்கிறது என்பதை விளக்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினால் போதும். நின்ற தண்ணீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். படகுக் கால்வாய் என்பது ஓடும் ஆறு அன்று. நீண்ட, ஒடுங்கிய தட்டுகளின் வரிசை. ஒவ்வொரு தட்டும் தன் முழு நீளத்துக்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். நிலம் உயரும் இடத்தில் அடுத்த தட்டு ஒரு படி உயரத்தில் தொடங்கும். படகை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஏற்றி இறக்கும், இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட தொட்டியை லாக் என்பர். தமிழில் மதகுத்தொட்டி எனலாம். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேல்மட்டத்து நீரைத் தொட்டிக்குள் விட்டால் படகு தானே உயரும். மேல்மட்டத்தோடு சமமானதும் மேல்கதவு திறக்கும். இதற்கு இயந்திரம் தேவையில்லை; நீரின் எடையே வேலையைச் செய்துவிடுகிறது.

மோட்டார் வருவதற்கு முன் இப்படகுகளைக் குதிரைகளும் மனிதர்களும் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். அதற்காக நீரோரத்தில் அமைக்கப்பட்ட நடைவழியே இழுவைப் பாதை. இன்று சைக்கிள் ஓடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நீர்மட்டத்தை ஒட்டியே அது செல்வதால் இரு மதகுத்தொட்டிகளுக்கு இடையே ஏற்றம் என்பதே இல்லை. ஏற்றமெல்லாம் தொட்டியின் ஓரத்தில் சில பத்து மீட்டருக்குள் முடிந்துவிடும்.

1832இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பர்கண்டிக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 242 கி.மீ., மதகுத்தொட்டிகள் 189. வடமேற்கே யோன் ஆற்றிலிருந்து 113 தொட்டிகள் ஏறி, பூயி-ஆன்-ஓஸ்வா என்னும் ஊரருகே 378 மீட்டர் உயரத்தை அடைந்து, பிறகு 76 தொட்டிகள் இறங்கி அது சோன் ஆற்றைச் சேர்கிறது. சோன் பக்கத்தில் 80 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர். தொட்டி ஒன்றுக்குச் சராசரியாக 3 மீட்டருக்கும் குறைவு. மொத்தத் தூரத்தில் பரப்பினால் கால் சதவீத ஏற்றம். ஒரு குன்றுத் தொடரையே கடந்தும் கடந்ததாக உணராமல் வருவது இதனால்தான் முடிகிறது.

ஆனால் உச்சியில் ஒரு விதிவிலக்கு காத்திருக்கிறது. இரு பக்கத்து ஆறுகளின் நீரைப் பிரித்து விடும் மேட்டை நீர்ப்பிரி முகடு என்பர். இங்கே சோன் பக்கம் விழும் மழைநீர் மத்தியதரைக் கடலுக்கும், யோன் பக்கம் விழும் நீர் சேன் ஆற்றின் வழியே ஆங்கிலக் கால்வாய்க்கும் செல்கிறது. இந்த முகட்டின் மேல் ஏறிச் செல்லாமல், படகுக் கால்வாய் 3.3 கி.மீ. நீளச் சுரங்கம் வழியாக அதை ஊடுருவுகிறது. அச்சுரங்கத்துக்குள் இழுவைப் பாதை கிடையாது. ஆகவே அங்கே மட்டும் படகு மண்ணுக்கு அடியிலும் சைக்கிள் மண்ணுக்கு மேலும் பிரிந்து செல்கின்றன. நீர்மட்டம் தந்த பாதுகாப்பு அந்தச் சில கிலோமீட்டருக்கு நமக்கு இல்லை. உச்சியில் உள்ள தட்டுக்கு ஆற்று நீர் ஏறி வராது என்பதால் பாந்தியே, செர்சே போன்ற நீர்த்தேக்கங்களைக் கட்டி அதை நிரப்பினார்கள். அவற்றைப் பார்க்கக் கால்வாயை விட்டு விலகினால் அந்தக் கணமே மேடு தொடங்கிவிடும்.

கால்வாய்க் கரையில் கார் வராதா? வரலாம். இழுவைப் பாதை என்பது முதலில் கால்வாயைப் பராமரிப்பவர்களின் பணிவழி. பிரான்சின் நீர்வழிகளை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் வண்டியோ, மதகுக் காவலரின் வண்டியோ மெல்ல எதிர்ப்படுவது இயல்பு. எல்லா இழுவைப் பாதையும் பசும்பாதையாக அறிவிக்கப்பட்டதும் அன்று. தார் போட்ட பகுதியை அடுத்துப் புல்லும் வேரும் நிறைந்த பகுதி வருவதும் உண்டு.

சுருக்கமாக: கால்வாய்ப் பாதையின் சமதளம் நின்ற நீரின் மட்டத்திலிருந்து வருவது. ஏற்றம் மதகுத்தொட்டி அருகே சிறுசிறு படிகளாக இருக்கும். நீர் சுரங்கத்துக்குள் போகும் இடத்தில் இந்த விதி செல்லாது.

பழைய ரயில் தடம்: மெல்ல, ஆனால் விடாமல்

ரயில் சக்கரமும் தண்டவாளமும் இரும்பு. இரும்பு இரும்பின்மேல் உருளும்போது தடை மிகக் குறைவு, அதனால்தான் ஓர் எஞ்சின் நீண்ட பெட்டி வரிசையை இழுக்க முடிகிறது. ஆனால் அதே வழவழப்பு மேட்டில் எதிரியாகிறது. ஏற்றம் கூடினால் சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். ஆகையால் ரயில் பொறியாளர்கள் ஏற்றத்தைப் பொதுவாக 1 முதல் 3 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். குன்று குறுக்கிட்டால் வெட்டினார்கள் அல்லது துளைத்தார்கள். பள்ளம் குறுக்கிட்டால் மண்மேடு எழுப்பினார்கள். அவர்கள் அன்று செலவிட்ட உழைப்பின் பலனை இன்று சைக்கிள் ஓட்டுபவரின் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

தெற்குப் பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் 44 கி.மீ. நீளத்தில் 1997இல் திறக்கப்பட்ட பாதை பிரான்சின் முதல் பசும்பாதையாகக் கருதப்படுகிறது. பூக்சி, சேன்-ஜாங்கூ, கொர்மதேன் முதலிய சிற்றூர்களின் ஓரமாக அது செல்கிறது. ரயில் நின்று போன இடங்கள் பலவற்றில் பழைய நிலையக் கட்டடங்கள் வேறு பணிகளுக்கு மாறியிருக்கின்றன. முடிவில் இருக்கும் க்ளூனி, கி.பி. 910இல் நிறுவப்பட்ட மடாலயத்தால் பெயர் பெற்ற ஊர்.

கால்வாய்ப் பாதைக்கும் ரயில் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை மாடிப்படிக்கும் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கும் உள்ள வேறுபாடாகக் கொள்ளலாம். முன்னது நெடுந்தூரம் சமமாக ஓடித் திடீரென ஒரு படி ஏறும். பின்னது எங்கும் செங்குத்தாகாமல், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஓயாமல் ஏறும். முன்பு பார்த்த கணக்கின்படி 2 சதவீத ஏற்றத்தில் உழைப்பு சமதளத்தைப் போல மூன்று மடங்கு. அதை ஒருமுறை செய்வது எளிது. அரை மணி நேரம் தொடர்ந்து செய்வதற்குக் கியரை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும். தனிப்பட்ட முறையில், புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு பாதையைப் பரிந்துரைக்க வேண்டுமானால் ரயில் தடத்தையே சொல்வேன். அகலமான வளைவும் நல்ல தரையும் அதில் சேர்ந்து கிடைக்கின்றன. முன்னறிவிப்பில்லாமல் எந்த மேடும் எழுவதில்லை. சாலைகள் குறுக்கிடும் இடங்களில் கம்பமோ தடுப்போ வைத்து மோட்டார் வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள். அங்கே நாமும் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். ரயிலுக்கு இருந்த முன்னுரிமை சைக்கிளுக்கு வந்து சேரவில்லை.

க்ளூனியிலிருந்து மக்கோனை நோக்கித் தெற்கே செல்லும்போது புவா-க்லேர் சுரங்கம் வருகிறது. 1.6 கி.மீ. நீளமுள்ள இந்தப் பழைய ரயில் சுரங்கத்துக்குள் சைக்கிளிலேயே செல்லலாம். ஆனால் குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறக்க ஓய்வு கொள்வதால் அம்மாதங்களில் அது மூடப்படுகிறது. அப்போது மலைமேல் சுற்றிச் செல்லும் வழியே கதி. ஒரே பாதை கோடையில் ரயில் தடமாகவும் குளிரில் மலைப்பாதையாகவும் இருப்பது வேடிக்கையான உண்மை.

திராட்சைச் சரிவு: அழகுக்கும் மேட்டுக்கும் ஒரே காரணம்

நல்ல திராட்சைத் தோட்டங்கள் பல ஏன் சரிவில் இருக்கின்றன? சரிவில் மழைநீர் தேங்காது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழிந்து போவதால் கொடிகளில் உறைபனி படிவது குறைகிறது. கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய சரிவில் காலை வெயில் நேராக விழுகிறது. ‘கோட் டோர்’ எனப்படும் பர்கண்டிச் சரிவின் புகழ்பெற்ற தோட்டங்கள் இக்காரணங்களால் அடிவாரத்துச் சமவெளிக்கும் மேலேயுள்ள காட்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையில் அமைந்தன. மண்ணும் சாய்வும் சில அடிகளிலேயே மாறுவதால் அவற்றை 1,247 தனித்தனி நிலத்துண்டுகளாகப் பெயரிட்டுப் பிரித்திருக்கிறார்கள். ‘க்ளிமா’ எனப்படும் இத்துண்டுகள் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

போன் என்னும் நகரத்திலிருந்து பொமார், வோல்னே, மேர்சோ ஊர்கள் வழியாகச் சாந்த்னேவரை 20 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்கு ஒரு சைக்கிள் வழி இந்தத் துண்டுகளுக்கு ஊடாகவே செல்கிறது. இது நீர்மட்டத்தையோ எஞ்சினின் பலவீனத்தையோ மதித்துப் போடப்பட்ட பாதை அன்று. உழவர் தம் நிலத்துக்குப் போக இட்ட வண்டித்தடம்; அருகிலுள்ள வரிசைக்கு நேரே ஏறும், நேரே இறங்கும். ஏற்றம் சில நூறு மீட்டருக்கு 5 சதவீதத்தைத் தாண்டவும் கூடும். மொத்தத்தில் குறுகிய தூரமே ஆனாலும், மூன்று வகைகளில் கால்களை அதிகம் சோதிப்பது இதுவே என்பது என் கணிப்பு.

இங்கே கியரின் பயனை ஒரு கணக்கால் காட்டலாம். பெடலோடு இணைந்த முன் பற்சக்கரத்தில் 26 பற்களும், பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், பெடலை ஒருமுறை சுற்றும்போது வண்டி 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த வேகம். வேகம் இப்படி இறங்கியதால், 5 சதவீத ஏற்றத்தில் நொடிக்கு நொடி தேவைப்படும் ஆற்றல் சமதளத்தில் 15 கி.மீ. வேகத்தில் செல்வதைப் போல இரு மடங்கு மட்டுமே ஆகிறது. வேகத்தைக் குறைக்காமல் ஏற முயன்றால் அது ஆறு மடங்காகிவிடும். கியர் உழைப்பைப் போக்கிவிடுவதில்லை. அதை நீண்ட நேரத்துக்குப் பரப்பித் தருகிறது.

வாகனம் என்னும் கணக்கிலும் இப்பாதை தனி. கொடி வரிசையின் இருபுறமும் கால் வைத்துச் செல்லும் உயரமான டிராக்டர்கள் இங்கே அன்றாடக் காட்சி. அவை இந்தப் பாதையின் விருந்தினர்கள் அல்ல, உரிமையாளர்கள். அறுவடைக் காலமான ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் நெரிசல் கூடும். டிராக்டர் சக்கரம் உதிர்த்த ஈரக்களிமண் கான்கிரீட் தளத்தில் சறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: நீர் சமன் செய்த பாதை, எஞ்சின் சாய்வை அடக்கிய பாதை, யாரும் எதையும் சமன் செய்யாத பாதை என்று மூன்று வகை. ‘வாகனமில்லை’ என்னும் ஒரே சொல் மூன்றுக்கும் வழங்குகிறது.

யாருக்கு என்ன உரிமை

தனிப்பாதையில் சாலை விதிகள் செல்லாது என்பது இன்னொரு தவறான எண்ணம். மிதிப்பவருக்குத் துணைநிற்கும் மின்சைக்கிள், மோட்டார் திறன் 250 வாட்டுக்கு மேற்படாமலும் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் துணை நின்றுவிடுவதாகவும் இருந்தால், சட்டப்படி சைக்கிளே. பசும்பாதையில் அதற்கு இடமுண்டு. 12 வயதுக்கு உட்பட்டோர் தலைக்கவசம் அணிவது 2017 முதல் பிரான்சில் கட்டாயம். மது அளவுக்கான வரம்பு, அதாவது ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம், சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். ஒயின் சுவைக்கும் அறைகள் வரிசையாக உள்ள வட்டாரத்தில் இது வெறும் ஏட்டு விதி அன்று.

ஒரு வழித்தடத்தைப் படிக்கும் முறை

மூன்று வகைகளையும் ஒரே பயணத்தில் காண ஷலோன்-சுர்-சோன் நகரம் வசதியான தொடக்கம். அங்கிருந்து, சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைக்கும் மத்தியக் கால்வாயின் கரையில் ஷான்யிவரை சென்று, அருகிலுள்ள சாந்த்னேயில் திராட்சைச் சரிவில் ஏறிப் போன் நகரத்தை அடையலாம். மற்றொரு நாள் ஷலோனிலிருந்து ஜிவ்ரி சென்று ரயில் தடத்தில் க்ளூனிக்குப் போகலாம். தூரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து நாட்களைப் பங்கிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. கால்வாய்க் கரையில் 50 கி.மீ. செல்பவர் திராட்சைச் சரிவில் 25 கி.மீ.யோடு நிறுத்திக்கொண்டால் இரு மாலைகளிலும் அவர் களைப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

வரைபடத்தில் கோடு நீரை ஒட்டி ஓடுகிறதா, பெரிய வளைவுகளோடு தனித்து ஓடுகிறதா, கட்டம் கட்டமான தோட்டங்களுக்குள் உடைந்து உடைந்து திரும்புகிறதா என்று பார்த்தாலே அது எந்த வகை என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், ஒரு வகை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்கள். ஆற்றோரத்திலிருந்து ஊருக்குள் ஏறும் தெரு, ரயில் தடம் அறுபட்டுச் சாலையோடு சேரும் சில நூறு மீட்டர், கால்வாயைக் கடக்கும் பாலம் ஆகிய இவற்றில்தான் காரும் மேடும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வழித்தடத்தின் மொத்த நீளத்தில் இவற்றின் பங்கு சிறிது. குழந்தைகளோடு செல்பவர் புறப்படுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை இவைதான்.